நிலத்துக்குத் திரும்பும் ஆசிரியர்

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் எனப்படும் நிலத்தோற்ற வடிவமைப்புக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1900இல் தனிப் பாடத்திட்டம் தொடங்கியது. நூற்றாண்டுக்கு மேலாகியும், இத்துறைப் பேராசிரியரை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்பதில் பல்கலைக்கழகங்களுக்குள் உடன்பாடு இல்லை. அவர் வடிவமைத்த பூங்காக்களைப் பார்ப்பவர்கள் உண்டு. ஆய்விதழ்களில் எழுதிய கட்டுரைகளை எண்ணுபவர்களும் உண்டு. இரண்டுமே முக்கியமானதை விட்டுவிடுகின்றன. பூங்காவைத் தொழில்முறை நிறுவனமும் அமைத்துவிடும். மண்ணையும் நீரையும் பற்றிய கட்டுரையை மண்ணியலாளரே இன்னும் திருத்தமாக எழுதுவார். ஆனால் ஒரு நிலத்தில் போட்ட திட்டம் இருபது, முப்பது ஆண்டுகளில் என்ன ஆயிற்று என்று தொடர்ந்து போய்ப் பார்த்து, கண்டதை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும் வாய்ப்பு பேராசிரியருக்குத்தான் இருக்கிறது. இத்துறையின் கல்விப்பணிக்கு நியாயம் அதுவே. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அரை நூற்றாண்டு அனுபவம் இதற்கு ஆதரவான சான்றையும் எதிரான சான்றையும் ஒருங்கே தருகிறது.

முதலில் கற்பிக்கும் முறையைப் பார்ப்போம். இத்துறையின் உயிர்நாடி ஸ்டூடியோ வகுப்பு. ஆசிரியர் உண்மையான ஓர் இடத்தை எடுத்துக் கொடுக்கிறார். மாணவர்கள் அங்கே போய் அளக்கிறார்கள், வரைபடம் தீட்டுகிறார்கள், மாதிரி செய்கிறார்கள். பருவ முடிவில் மதிப்பீட்டுக் குழுவின் முன் தங்கள் திட்டத்தை வைத்து வாதிடுகிறார்கள். நீரோட்டம், மண், செடிகொடி, மக்களின் நடமாட்டம், செலவு ஆகிய அனைத்தையும் ஒரே முடிவுக்குள் கொண்டுவரும் தீர்ப்புத்திறனைப் பாடநூல் தராது. இந்தப் பயிற்சி தருகிறது. குறையும் இதற்குள்ளேயே இருக்கிறது. மதிப்பெண் கிடைத்ததும் வரைபடம் சுருட்டி வைக்கப்படுகிறது. மறுபருவத்தில் வேறு இடம், வேறு மாணவர்கள். மரம் வளர்ந்து நிழல் தரவே பல்லாண்டு ஆகும் துறையில், தன் ஊகம் பலித்ததா என்று அறியாமலே மாணவர் பட்டம் பெற்றுப் போய்விடுகிறார். மருத்துவ மாணவர் நோயாளி தேறியதைக் காண்கிறார். வடிவமைப்பு மாணவருக்குத் தன் நிலம் தேறியதா என்பது தெரிய வருவதில்லை.

இயன் மெக்ஹார்க் 1954இல் பென்சில்வேனியாவில் கற்பிக்க வந்தபோது இந்தக் கல்விக்கு அறிவியல் அடித்தளம் இட முயன்றார். புவியியலாளர், நீரியலாளர், மண்ணியலாளர், சூழலியலாளர் எனப் பிற துறையினரை வடிவமைப்புத் துறைக்குள்ளேயே ஆசிரியர்களாக்கினார். 1969இல் வெளியான அவருடைய ‘டிசைன் வித் நேச்சர்’ நூல், சரிவு, மண், வெள்ளம், காடு, வரலாற்றிடங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரைபடத் தாள்கள் தயாரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று கண்டறியும் முறையைப் பரப்பியது. அடுக்கும் உத்தி அவருக்கு முன்பே இருந்தது. அதை வகுப்பறையில் கற்பிக்கத்தக்க ஒழுங்கான முறையாக்கியதே அவருடைய சாதனை. இன்றைய ஜிஐஎஸ் மென்பொருள்களில் அது அடிப்படைச் செயல்களில் ஒன்று. ஆனால் முறையின் உறுதி, அதைப் பின்பற்றியவர்களிடம் அளவுமீறிய நம்பிக்கையை வளர்த்தது. ஒவ்வொரு தாளிலும் நிலத்துக்கு இடும் தர எண்கள் வரிசையை மட்டுமே காட்டுபவை என்பதால் அவற்றைக் கூட்டுவது கணித அடிப்படையில் தவறு என்று திட்டமிடல் ஆய்வாளர் லூயிஸ் ஹாப்கின்ஸ் 1977இல் சுட்டிக்காட்டினார். எண்ணுக்குப் பதில் சாயலின் அடர்த்தியைப் பயன்படுத்தினாலும் சிக்கல் அதேதான்: சரிவின் கருமையும் காட்டின் கருமையும் சமம் என்று வரைபடம் சொல்லாமல் சொல்கிறது. அந்தச் சமன்பாட்டை நிலம் வழங்குவதில்லை, மனிதர் தீர்மானிக்கிறார்கள்.

இத்தகைய குறையை மேசையில் வாதிட்டே தீர்க்க முடியாது. களத்தில் சோதிக்க வேண்டும். மெக்ஹார்க் பங்குதாரராக இருந்த நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் டெக்சாஸில் ஹூஸ்டனுக்கு வடக்கே உட்லண்ட்ஸ் என்னும் புதுநகரைத் திட்டமிட உதவியது. நீர் உறிஞ்சும் மண்ணைத் திறந்தவெளியாக விட்டு, உறிஞ்சாத மண்ணில் கட்டுவது. குழாய்களுக்குப் பதிலாகப் புல் படர்ந்த ஆழமில்லாத வாய்க்கால்களில் மழைநீரை விடுவது. இவைதாம் திட்டத்தின் சாரம். தொடக்கத்தில் கட்டிய பகுதிகள் பெருமழைகளை நன்றாகத் தாங்கின. பிற்காலப் பகுதிகளிலோ வழக்கமான குழாய் வடிகாலே இடம்பிடித்தது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் பழைய பகுதிகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டு, இயற்கை வடிகாலைக் கைவிட்ட பிறகு வழிந்தோடும் நீர் கூடியதைக் காட்டினார்கள். திட்டத்தின் மதிப்பையும், அது எப்படிச் சிதையும் என்பதையும் ஒருசேர விளக்கிய அறிவு இது. வரைந்தபோது கிடைக்காத இந்த அறிவு, முப்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்து வேறு கல்வியாளர்கள் திரும்பிப் போய்ப் பார்த்ததால்தான் கிடைத்தது.

திரும்பிப் போவதையே பணியாக்கிக்கொண்டவர் மெக்ஹார்க்கின் மாணவி ஆன் விஸ்டன் ஸ்பர்ன். 1986இல் அவருக்குப் பின் துறைத்தலைவராக வந்த ஸ்பர்ன், 1987இல் மேற்கு பிலடெல்பியா நிலத்தோற்றத் திட்டத்தைத் தொடங்கினார். அப்பகுதியின் மில் கிரீக் ஓடையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கழிவுநீர்க் குழாய்க்குள் அடைத்து, மேலே மண் கொட்டி வீடுகள் கட்டியிருந்தார்கள். 1961இல் குழாய் இடிந்து, மேலிருந்த வீடுகளும் சரிந்தன. கறுப்பின ஏழை மக்கள் வாழ்ந்த அந்தப் பகுதியில் வெற்று மனைகள் பெருகியதற்கு வறுமையும் புறக்கணிப்பும் போதிய விளக்கம் என்றே பலரும் கருதினர். மனைகளின் இருப்பை வரைபடமாக்கிய ஸ்பர்ன், புதைந்த ஓடையின் வெள்ளப்படுகையை ஒட்டி அவை செறிந்திருப்பதைக் கண்டார். அந்த மனைகளிலேயே மழைநீரைத் தேக்கினால் நகரத்தின் கழிவுநீர் வழிதலும் குறையும், வட்டாரமும் மேம்படும் என்று வாதிட்டார். நகரத் திட்டக்குழுவின் 1994ஆம் ஆண்டுத் திட்டமோ புதைந்த வெள்ளப்படுகையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பருவத்தோடு நிறுத்தியிருந்தால் ஸ்பர்னின் பணி அங்கேயே முடிந்திருக்கும். அவர் பல்கலைக்கழக மாணவர்களையும் உள்ளூர் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்து, ஓடையின் வரலாற்றையே பாடமாக்கினார். 2011இல் பிலடெல்பியா, மழைநீரை மண்ணிலேயே உறிஞ்சவைக்கும் 25 ஆண்டுத் திட்டத்தை ஏற்றது.

இந்தக் கதையை வெற்றிக்கதையாக மட்டும் சொன்னால் நேர்மையாகாது. மழைநீரையும் கழிவுநீரையும் ஒரே குழாயில் விடும் அமெரிக்க நகரங்களை, கழிவுநீர் வழிதலைக் கட்டுப்படுத்துமாறு 1994ஆம் ஆண்டின் கூட்டரசுக் கொள்கை நெருக்கியது. பிலடெல்பியாவின் மாற்றத்தை ஒரே பேராசிரியரின் பேரில் எழுதிவிட முடியாது. 2001 இறுதியில் மாநில அரசு நகரப் பள்ளி நிர்வாகத்தைக் கையில் எடுத்த பிறகு, நடுநிலைப்பள்ளியில் வேரூன்றியிருந்த பணி நீடிக்கவில்லை. 2000இல் ஸ்பர்ன் எம்.ஐ.டி.க்குப் போனார், அங்கிருந்தும் மில் கிரீக்கைக் கற்பித்தது அவருடைய உறுதியைக் காட்டுகிறது. அதே சமயம், தொடர்ச்சி பல்கலைக்கழகத்தைச் சார்ந்திராமல் ஒருவரது மன உறுதியையே சார்ந்திருந்தது என்பதையும் காட்டுகிறது. குடியிருப்பவர்கள் பக்கமும் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் புதிய மாணவர் கூட்டம் கேள்விகளோடு வருவது சுமை. அவர்கள் சொன்னதற்குப் பலன் தெரியாவிட்டால் அது சுரண்டலாகவும் மாறும்.

திரும்பிப் போய்ப் பார்ப்பதே இத்துறையின் பணி என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஒரே இடத்தில் கண்டதைப் பொதுவிதியாக்க முடியாது, தன் திட்டத்தைத் தானே அளப்பவர் நடுநிலையாளரும் அல்லர். முதல் பாதிக்கு நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காடு விடை சொல்கிறது. 1963 முதல் அந்தக் காட்டின் நீர்ப்பிடிப்புகளையே தொடர்ந்து அறிவியலாளர்கள் அளந்துவந்ததால்தான், வட அமெரிக்காவில் அமில மழை உண்டு என்ற அறிவு பிறந்தது. ஓரிடத்தில் ஆழ்ந்து நிற்பது பொதுவறிவுக்குப் பகையல்ல. ஆனால் அங்கே கைவைக்காத ஓடையை ஒப்பீட்டுக்கு வைத்திருந்தார்கள். நகரத்தில் அந்த வசதி இல்லை. ஆகவே மறுப்பின் இரண்டாம் பாதியை ஏற்றுக்கொண்டே செயல்பட வேண்டும். எவ்வளவு நீர் உறிஞ்சப்படும், எத்தனை மரம் பிழைக்கும் என்ற எதிர்பார்ப்பைத் திட்டமிடும்போதே எழுதி வெளியிட வேண்டும். பின்னர் அளப்பது வேறொரு குழுவாக இருக்க வேண்டும். உட்லண்ட்ஸ் ஆய்வு நம்பத்தகுந்ததாக இருப்பதற்கு, அதைச் செய்தவர்கள் திட்டத்தை வகுத்தவர்கள் அல்லர் என்பதும் ஒரு காரணம்.

மற்றொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இளம் ஆசிரியரின் பணி நிலைக்குமா என்பது ஏறத்தாழ ஆறேழு ஆண்டுகளில் முடிவாகிவிடும். இருபதாண்டு கழித்து விளையும் ஆய்வைத் தொடங்கு என்று அவரிடம் சொல்வது அவருடைய பிழைப்பைப் பணயம் வைப்பதாகும். கவலை நியாயமானது, ஆனால் அது மாற்றச் சொல்வது மதிப்பீட்டு முறையைத்தான். நிலத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு தனியாளிடம் இராமல் துறையிடம் இருந்தால், புதிதாக வருபவர் முன்னவர் சேர்த்த அளவீடுகளிலிருந்து தொடங்கலாம். ஓரிரு ஆண்டுகளிலேயே கட்டுரையும் எழுதலாம். முந்தைய ஸ்டூடியோ எங்கே தவறியது என்று கண்டறிவதே அடுத்த ஸ்டூடியோவின் முதல் பாடமாகலாம். குடியிருப்பவர்களும் ஆண்டுக்கொரு அந்நியரைச் சந்திப்பதற்குப் பதிலாக, வாக்குறுதிக்குக் கணக்குக் கேட்கக்கூடிய நிலையான ஒரு தரப்பைப் பெறுவார்கள். தோல்வியைப் பதிவு செய்த ஆய்வுக்கும் பதவி உயர்வில் முழு மதிப்புத் தர வேண்டும். இல்லையேல் யாரும் திரும்பிப் பார்க்கத் துணிய மாட்டார்கள். மெக்ஹார்க் இத்துறைக்கு ஒரு முறையைத் தந்தார். ஒரு நிலத்தோடு நிலைத்து நிற்பதன் பயனை ஸ்பர்ன் காட்டினார். இரண்டையும் தனிமனிதரின் ஆற்றலுக்கே விட்டுவைக்காமல், துறையின் அன்றாட ஒழுங்காக்குவது பல்கலைக்கழகங்களின் கடமை. அதைச் செய்யும் துறைக்குத்தான் நிலத்தைப் பற்றிக் கற்பிக்கும் முழுத் தகுதி உண்டு.