கழித்துவிட்ட வேகம்

கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரருக்கு ஒரு கல்யாணத்தில் 200 ஜிகாபைட் சேர்ந்துவிடுவது இன்று பெரிய விஷயமில்லை. எடிட்டிங் கணினியிலிருந்து சேமிப்புக் கணினிக்கு அதை 1 ஜிகாபிட் கேபிளில் அனுப்ப அரை மணி நேரம் போகும். ஹாலிஎலயிலோ பதுளையிலோ இப்படிக் காத்திருப்பவரின் கண்ணில், தரவு மையங்கள் கழித்துவிட்ட 10 ஜிகாபிட் நெட்வேர்க் கார்டுகள் படாமல் இருக்காது. 2009இல் வந்த இன்டெல் எக்ஸ்520, 2011இன் மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3 போன்றவை அவை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய இலங்கையில் பழையதைத் தேடுவதில் வியப்பில்லை.

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி ஆகிய திறந்த மூல இயங்குதளங்கள் இரண்டும் இவற்றுக்கான டிரைவரைத் தம்மோடே கொண்டுவருகின்றன. மெல்லனாக்ஸை 2020இல் வாங்கிய என்விடியா, தன் சொந்த டிரைவர் தொகுப்பின் 4.9 பதிப்போடு கனெக்ட்எக்ஸ்-3ஐக் கைகழுவியது. லினக்ஸ் கெர்னலின் எம்எல்எக்ஸ்4 டிரைவர் அதை இன்னும் ஓட்டுகிறது. எக்ஸ்520, இன்டெல் ஏற்காத எஸ்எஃப்பி மொடியூலைக் கண்டால் முரண்டு பிடிக்கும். டிரைவருக்கு ஒரு வரி அமைப்பைக் கொடுத்தால் வழிக்கு வந்துவிடும்.

வேகத்தைவிட நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் ஊவா மலைகளில் பிற்பகல் இடி எப்படி இறங்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடைக்கும் வீட்டுக்கும் இடையே இழுத்த செப்புக் கேபிள் வழியாக மின்னல் அதிர்ச்சி வந்து இருபக்கத்து போர்ட்டையும் எரித்துவிடலாம். உலோகம் கலக்காத கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. எஸ்எஃப்பி துளையுள்ள பழைய கார்டில் அதற்கான மொடியூலைச் செருகினால் அந்த இழையை ஏற்கும். வேகமே கூடாவிட்டாலும் இந்த ஒரு காரணத்துக்காக அதை வாங்கலாம்.

குறைகளும் அற்பமில்லை. கார்டு ஒன்று 8 வாட் இழுத்தால், இரண்டு பக்கமும் நாள் முழுதும் ஓட மாதம் ஏறக்குறைய 12 அலகு. படிப்படியாக விலை ஏறும் நம் வீட்டுக் கட்டண முறையில் அது அடுத்த படிக்குத் தள்ளிவிடக்கூடும். சேர்வர் பெட்டியின் பலத்த காற்றோட்டத்தை நம்பிச் செய்த கார்டு, சாதாரண கேசிங்கில் சூடேறி முனகும். இயங்குதளம் திறந்த மூலமாக இருந்தாலும் கார்டுக்குள் ஓடும் ஃபேர்ம்வெயார் மூடியதே. அதில் நாளை ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆளில்லை. போலி எக்ஸ்520களும் சந்தையில் உலவுகின்றன.

இணைய வேகம் கூடும் என்று நினைத்து வாங்குபவருக்கு ஏமாற்றம்தான். வெளியிலிருந்து வரும் இணைப்பு எவ்வளவோ அவ்வளவுதான்.

வட்டு விஷயம் இன்னும் முக்கியம். சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வினாடிக்கு 200 மெகாபைட் அளவில்தான் எழுதும்; அரை மணி நேரம் பதினேழு நிமிடமாகும், அவ்வளவே. அதற்கு 2.5 ஜிகாபிட்டின் புதிய சிறு கார்டே போதும், இருக்கிற கேபிளிலேயே ஓடும். எஸ்எஸ்டி வைத்திருப்பவர், அல்லது இரண்டு கட்டடங்களை இணைக்க வேண்டியவர் பழைய கார்டை எடுக்கலாம். எடுக்கும்போது மூன்றாக எடுக்க வேண்டும்: ஒன்று பழுதானால் கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவின் கணினிக் கடைகளில் தேட, பதுளையிலிருந்து சுமார் பத்து மணி நேர ரயில் பயணம்.