மண்டிக் கணக்குக்கு ஒரு பழைய மடிக்கணினி

அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள் திண்டுக்கல் பக்கம் இன்னும் எத்தனையோ வீடுகளில் பீரோ மேல் கிடக்கின்றன. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. என் கைக்கு வந்ததில் 2 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க். இன்றைய விண்டோஸ் இதில் ஏறாது. விற்கப் போனால் காயலான் கடை விலைதான் கிடைக்கும். இதில் டெபியன் 12 லினக்ஸை ஏற்றி, அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி மூன்றையும் போட்டு, எலுமிச்சையும் வாழைத்தாரும் மாம்பழமும் வந்திறங்கும் ஒரு கமிஷன் மண்டியின் வரவுச் சிட்டையை ஓடவிட்டுப் பார்த்தேன். சின்னக் கடைக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் தமிழ் விஷயத்தில் ஒரு இடத்தில் உஷாராக இருக்க வேண்டும்.

இந்த மடிக்கணினிகளில் முதலில் விண்டோஸோடு சேர்ந்து வந்த போஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்தது. ஆக, டெபியன் இந்தப் பெட்டிக்குப் புதுச் சம்பந்தம் இல்லை. 2025 ஆகஸ்டில் 13 வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். 12க்கு நீண்டகாலப் பாதுகாப்பு ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. கணக்கு ஓடுகிற இடத்தில் எனக்கு அதுவே பெரிது.

நிறுவுவது லேசு. டெஸ்க்டாப் எதையும் தேர்ந்தெடுக்காமல், வெப் சர்வர், எஸ்எஸ்எச் இரண்டுக்கு மட்டும் டிக் போட்டால் அப்பாச்சி தானாக வந்துவிடும். மற்ற இரண்டுக்கும் ஆப்ட் கட்டளை ஒரு வரி. டெஸ்க்டாப் இல்லாததால் நினைவகத்தில் பெரும்பகுதி காலியாகவே நிற்கிறது. மரியாடிபி தன் தற்காலிகச் சேமிப்புக்கு இயல்பாக எடுத்துக்கொள்வது 128 எம்பி; ஒரு மண்டியின் பல வருடச் சிட்டை அதற்குள் அடங்கும். வெளியிலிருந்து யாரும் டேட்டாபேஸைத் தொட முடியாதபடி, சொந்தக் கணினிக்கு மட்டுமே காது கொடுக்கும் அமைப்போடுதான் டெபியனில் அது வருகிறது. அதை மாற்றாதீர்கள். மூடியை மூடினால் மடிக்கணினி தூங்கிவிடும் என்பதால் அந்த ஒரு அமைப்பை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. ரூட்டரில் இதற்கு நிலையான முகவரி ஒன்று ஒதுக்கிவிட்டால் மண்டியில் உள்ள எந்தப் போனிலிருந்தும் சிட்டையைத் திறக்கலாம்.

இனி தமிழ். ஊர்ப்பெயர்களை ஏற்றி, அகர வரிசையில் கேட்டேன். சித்தையன்கோட்டை, சின்னாளபட்டி, சிறுமலை என்று வந்தது. பேரேடு எழுதிப் பழகிய கணக்குப்பிள்ளை பார்த்ததும், "சிறுமலை மேலல்லப்பா வரணும்?" என்றார். அவர் சொன்னது சரி. நம் வரிசையில் றகரத்துக்குப் பின்தான் னகரம். யூனிகோட் அட்டவணையிலோ னகரம் நகரத்தை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது, ரகரத்துக்குப் பக்கத்தில் றகரம். டெபியன் 12இல் வரும் மரியாடிபி 10.11 இயல்பாக எடுத்துக்கொள்ளும் 'ஜெனரல்' கொலேஷன் (வரிசைப்படுத்தும் விதி), யூனிகோட் எண் வரிசையை அப்படியே பின்பற்றுகிறது. டேட்டாபேஸில் ஊர்ப்பெயர் அட்டவணையை 'யூனிகோட் 520' கொலேஷனுக்கு மாற்றினேன். சிறுமலை மேலே ஏறிவிட்டது. ஒரு வரிக் கட்டளைதான். ஆனால் ஆங்கிலப் பெயர்களை மட்டும் போட்டுச் சோதிப்பவருக்கு இந்தக் கோளாறு கடைசிவரை தெரியாது. சர்வர் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால், முதலில் உங்கள் ஊர்ப் பட்டியலைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.

நீளக் கணக்கும் அப்படித்தான். திண்டுக்கல் என்பது நமக்கு ஆறு எழுத்து. டேட்டாபேஸுக்கு 11 குறி, வட்டில் 33 பைட். பெயருக்கு இருபது இடம் போதும் என்று ஒதுக்கினால், ஊரும் அப்பா பெயரும் சேர்ந்த வியாபாரி பெயர் உள்ளே போகாது. நான் நூறு வைத்தேன். எழுத்துக் குறியாக்க வகை 'யுடிஎஃப்8எம்பி4' ஆகவே இருக்கட்டும். பழைய மூன்று பைட் வகையில் தமிழ் எழுத்துகள் நிற்கும். வாட்ஸ்அப்பிலிருந்து பெயரோடு ஒட்டிவரும் மாம்பழ எமோஜி நிற்காது. 2019இல் யூனிகோடில் சேர்ந்த மாகாணி முதலான பழைய பின்னக் குறிகளுக்கும் நான்கு பைட் வேண்டும். அவற்றை இன்று யார் எழுதுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்து மின்வெட்டு. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, பதிவு ஏறிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். திரும்ப ஓடவிட்டதும் மரியாடிபி தன் பதிவேட்டைப் பார்த்துத் தானே சரிசெய்துகொண்டது. சேமித்து முடிந்தவை எல்லாம் இருந்தன. பாதியில் நின்ற மூட்டை வரவு மட்டும் இல்லை. அது இல்லாததுதான் நியாயம். உண்மையான தொல்லை வேறு இடத்தில். மடிக்கணினி பேட்டரியில் தாக்குப்பிடித்தாலும் கரண்ட் போனதும் ரூட்டர் அணைந்துவிடுகிறது. ரூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்காமல் இந்த ஏற்பாடு முழுமையாகாது.

வேகத்தில் குறை உண்டு. பல மாதச் சிட்டையைக் கூட்டச் சொன்னால் பழைய டிஸ்க் கடகடவென்று யோசிக்கிறது. எஸ்எஸ்டி போட்டால் தீரும். போடத் தகுந்த செலவுதான். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் விசிறி ஓயாமல் கத்துகிறது. மடிக்கணினியின் அடியில் இரண்டு மரக்கட்டை வைத்துத் தூக்கிவிடுங்கள்.

கணக்கின் நகலை ராத்திரிதோறும் பென்டிரைவில் எடுத்துவைக்கும்படி கிரானில் ஒரு வரி எழுதிவிடலாம். வீட்டிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று ரூட்டரில் வாசலைத் திறந்து இணையத்துக்கு விடுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜிஎஸ்டி பில் போடும் கடைக்காரர்கள் இப்போது வைத்திருக்கும் டேலியை விட வேண்டாம். கையால் எழுதும் சிட்டைக்கு மாற்றாக மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.