சாம்பலைக் கையிலேந்தும் பாடகி

மரித்தோரை நினைப்பது வேறு. மரித்தோருக்காக மன்றாடுவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தை எண்ணிப் பார்க்கத் தூண்டும் ஆவணப்படம் ஒன்றுண்டு. அமெரிக்க ராக் இசைப் பாடகியும் கவிஞருமான பட்டி ஸ்மித்தைப் பற்றி ஸ்டீவன் செப்ரிங் இயக்கிய 'ட்ரீம் ஆஃப் லைஃப்' என்பதே அது. 2008-ஆம் ஆண்டு சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ஒளிப்பதிவுக்காகப் பரிசு பெற்ற படம்.

கத்தோலிக்கராகிய நாம் இப்பாடகியைச் சற்றுத் தயக்கத்தோடுதான் அணுகுவோம். 1946-இல் பிறந்த இவர், யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சார்ந்த தாயால் வளர்க்கப்பட்டு, இளமையிலேயே அச்சபையை விட்டு விலகியவர். 1975-இல் வெளிவந்த 'ஹார்சஸ்' என்னும் முதல் இசைத்தட்டின் தொடக்கத்திலேயே, கிறிஸ்துவின் பாடுகள் தம் பாவங்களுக்காக அல்ல என்று மறுத்துரைத்தவர். ஆனால் அதே பாடகி 1979-இல் வெளியிட்ட 'வேவ்' தொகுப்பின் இறுதிப் படைப்பை, 33 நாள்களே திருஆட்சி புரிந்த திருத்தந்தை முதலாம் யோவான் பவுலை நினைத்து அமைத்தார். 2013-இல் புனித பேதுரு வளாகத்தில் திருத்தந்தை பிரான்சிசைச் சந்தித்தார். வாசலை அடைத்துவிட்டுச் சன்னலருகே நின்று உள்ளே நோக்கும் ஆன்மா என்று இவரைச் சொல்லத் தோன்றுகிறது.

இப்படத்தின் உண்மையான பொருள் துயரமே. இளமைத் தோழரும் நிழற்படக் கலைஞருமான ராபர்ட் மேப்பில்தார்ப் 1989-இல் இறந்தார். கணவர் பிரெட் ஸ்மித் 1994 நவம்பரில் மறைந்தார். அடுத்த மாதமே உடன்பிறந்த தம்பி டாட் மறைந்தார். இரு பிள்ளைகளோடு தனித்து நின்ற அத்தாய், 1979-க்குப் பின் பெரிதும் விட்டு விலகியிருந்த மேடைக்கு மீண்டும் வந்தார். 1995-இல் அவரைப் படமெடுக்கச் சென்று அறிமுகமான செப்ரிங், பதினோர் ஆண்டுகள் ஒளிப்பதிவுக் கருவியோடு அவரைத் தொடர்ந்தார். பெரும்பாலும் கருப்பு வெள்ளையில் அமைந்த காட்சிகள் காலவரிசையின்றி, நினைவு வருவதைப் போலவே வந்து போகின்றன. அறையின் ஒரு மூலையில் அமர்ந்து, தாம் பேணிவரும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார் பட்டி ஸ்மித். கவிஞர்களின் கல்லறைகளைத் தேடிச் செல்கிறார். மேப்பில்தார்ப்பின் அஸ்தியில் ஒரு பகுதியைக் கையிலேந்திக் காட்டுகிறார்.

திருப்பண்டங்களை முத்தி செய்யும் நமக்கு இச்செயல் விளங்காததன்று. அன்புக்குத் தொட்டுணர ஏதேனும் வேண்டியிருக்கிறது. இதைத் திருச்சபை என்றும் இகழ்ந்ததில்லை. எனினும் 2016-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுறுத்தல், அஸ்தியைப் பொதுவாக வீட்டில் வைத்துக்கொள்வதையும் உறவினர் பங்கிட்டுக் கொள்வதையும் தவிர்க்கச் சொன்னது. 2023-இல், மிகச்சிறு பகுதியைத் தகுந்த இடத்தில் காக்க விரும்புவோரின் வேண்டுகோளைத் திருச்சபை அதிகாரிகள் பரிசீலிக்கலாம் என்றொரு விளக்கமும் வந்தது. ஆயினும் முதல் அறிவுறுத்தல் சொன்ன காரணம் ஆழமானது: மரித்தோர் குடும்பத்தாரின், விசுவாசக் கூட்டத்தாரின் செபங்களிலிருந்து விலக்கப்பட்டுவிடலாகாது. மரித்தவர் ஒருவருடைய உடைமையல்லர், அனைவருக்கும் உரியவர்.

இப்படத்தின் குறையும் இதுவே. தொடக்கமுதல் இறுதிவரை விளக்கவுரை அவருடையதே. அவருடைய மறுப்பைக் குறித்தோ, அம்மறுப்போடு இத்தனை பக்தி எவ்வாறு கூடி வாழ்கிறது என்பதைக் குறித்தோ வினவுவார் எவருமில்லை. இயக்குநர் வணங்கி நிற்கிறார், வணங்குபவர் வினவுவதில்லை. ஆதலால் துயரம் அந்த அறை மூலையிலேயே பூட்டப்பட்டுவிடுகிறது. கணவரை இழந்தவரைக் காண்கிறோம். அந்தக் கணவர் எத்தகையவர் என்பதைப் பிறர் வாயால் அறிய வழியில்லை.

ஆனால் பாடகி மேடையேறும் காட்சிகளில் படமே வேறாகிவிடுகிறது. அங்கே அவர் குரல் உயரும்போது, பெயரறியா மக்கள் அத்துயரத்தில் பங்கு கொள்கின்றனர். ஒருவர் இழப்பு பலர் இழப்பாகிறது. அறையில் அஸ்தியைக் காத்தவர், அவையில் அதைப் பகிர்ந்தளிக்கிறார். இயக்குநர் தெளிவுறக் காணாத இவ்வுண்மையை அவருடைய கருவி கண்டிருக்கிறது. அதற்காகவே இப்படம் பார்க்கத்தக்கது.

புனிதர்களின் சமூக உறவை விசுவாசிக்கிறோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நாம், கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்றி, மாலையிட்டு, கல்லறை மந்திரிக்கப்பட்டதும் வீடு திரும்பிவிடுகிறோம். அடுத்திருக்கும் கல்லறையில் திரியேற்ற எவருமில்லை என்பதை எத்தனை பேர் கவனிக்கிறோம்? விசுவாசத்தின் வாசலுக்கு வெளியே நிற்கும் ஒரு பெண், தம் மரித்தோரை நாள்தோறும் பெயர் சொல்லி நினைக்கிறார். உள்ளே நிற்கும் நாம் அவரைத் தீர்ப்பிடுமுன், நம் செபத்தில் எத்தனை பெயர்கள் எஞ்சியிருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது நலம்.