மொழி ஆய்வில் புள்ளிவிவரத்தின் எல்லை

மொழி ஆய்வில் புள்ளிவிவரம் சான்றாகும், முடிவாகாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். இதனைத் தமிழ் வழங்கும் அளவாகக் கொள்வது பொருந்தாது. தாய்மொழியோடு, அறிந்த பிற மொழிகள் இரண்டும் அதில் பதிவாகின்றன. ஆயினும், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரின் ஷாதிபூரில் ஒருவர் எம்மொழியை, யாரிடம், எச்சூழலில் ஆள்கிறார் என்பதை அப்பதிவு கூறாது. மேலும், நாடளவில் 10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகள் ‘பிற’ என்னும் தொகுதியுள் அடங்கிவிடுகின்றன. 2010இல் போவா சீனியர் மறைந்தபோது போ மொழியும் உடன் மறைந்தது. விழுக்காட்டு அட்டவணையில் அவ்விழப்பிற்கு இடமில்லை. ஆகவே, எண்ணிக்கையை முதற்படியாகக் கொண்டு, களஆய்வால் அதன் பொருளைத் தெளிவதே முறையாகும்.