உப்புக்காற்றில் கேமிங் லேப்டாப்: ரேம் ஏற்றலாம், பிராசசர்?

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே உள்ள மணல் திட்டில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். அங்கே மீனவர் குடும்பத்துக் கல்லூரி மாணவர் ஒருவர், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஏசர் நைட்ரோ 5 லேப்டாப்பைக் கொடுத்து, "அண்ணா, இதுல ஐ7 போட்டு, ரேமையும் ஏத்திடலாமா?" என்று கேட்டார். ரேமைத் தாராளமாக ஏற்றலாம். ஐ7 வேண்டாம். இருக்கிற ஐ5-இடமிருந்தே இன்னும் நிறைய வேலை வாங்கலாம்.

பிராசசர்

உள்ளே இருப்பது இன்டெல் ஐ5-9300ஹெச். 4 கோர், 8 த்ரெட், உச்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ். 2013-இல் வந்த 4-ஆம் தலைமுறை வரை பல லேப்டாப்களில் பிராசசர் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். பூட்டுத் திருகைத் திருப்பினால் கழன்று வரும். அதற்குப் பிறகு லேப்டாப்புக்கென வந்த இன்டெல் சிப்கள் மதர்போர்டோடு சாலிடர் செய்யப்பட்டவை. சூடுகாட்டிப் பெயர்த்து வேறு சிப் வைக்கக் கடைகள் உண்டு. ஆனால் பயாஸ் ஒத்துக்கொள்ள வேண்டும், போர்டு தாங்க வேண்டும். தவறினால் மொத்த லேப்டாப்பும் போச்சு. அதற்குப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

ரேம்

இதில் 8 ஜிபி ஸ்டிக் ஒன்றுதான் இருந்தது. இன்னொரு ஸ்லாட் காலி. மொத்தம் 32 ஜிபி வரை தாங்கும். வாங்க வேண்டியது லேப்டாப்புக்கான டிடிஆர்4, 2666. பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும் பரவாயில்லை, 2666-இல் ஓடும். டிடிஆர்5 இந்த ஸ்லாட்டில் ஏறவே ஏறாது.

அடிமூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். பிறகு ஸ்டிக்கைச் சாய்வாகச் செருகி, இருபுறக் கொக்கியும் பிடிக்கும்வரை அழுத்தினால் வேலை முடிந்தது. இரண்டு ஸ்டிக் சேர்ந்தால் டூயல் சேனல். பிராசசருக்குத் தரவு வரும் பாதை 64 பிட்டிலிருந்து 128 பிட்டாக விரிகிறது. இரண்டாவது ஸ்டிக் போட்ட பிறகு, பிராசசரை நம்பி ஓடும் வேலரண்ட் ஆட்டத்தில் சண்டை சூடுபிடிக்கும்போது படம் திக்குவது நின்றது. ஜிடிஏ 5-இல் சராசரி ஃப்ரேம் பெரிதாக ஏறவில்லை. அங்கே கையைக் கட்டுவது 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ். ஆனால் குரோமும் டிஸ்கார்டும் பின்னால் திறந்திருந்தாலும் இப்போது ஹேங் ஆவதில்லை.

சூடு

உண்மையான வித்தியாசம் இங்கேதான் தெரிந்தது. திருகுகளின் தலையில் துரு. செம்புக் குழாயில் பச்சை பூத்திருந்தது. ஃபேன் காற்றைத் தள்ளும் தகடுகளுக்கு இடையில் தூசி கம்பளிபோல அடைத்திருந்தது. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் தூசியைப் பிடித்துவைக்கும். காற்று போக வழியில்லாமல், ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே சிப் தன் எல்லையான 100 டிகிரியைத் தொட்டு, வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது.

தகடுகளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். காய்ந்து பொரிந்திருந்த தெர்மல் பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிது வைத்தேன். அதன்பின் அதே ஆட்டத்தில் வேகம் சரியாமல் நின்றது. கடலோரத்தில் நான் பரிந்துரைக்கும் பிராசசர் அப்கிரேடு இதுதான். இந்த ஊரில் ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டும். கடல் பக்க ஜன்னலோரம் வைத்து விளையாட வேண்டாம். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பையில் வைத்து மூடுங்கள்.

யார் செய்யலாம்?

8 ஜிபி ஒற்றை ஸ்டிக்கோடு திணறும் எவரும் ரேமை ஏற்றலாம். ஏஐ டேட்டா சென்டர்களுக்கான தேவையால் 2025 இறுதியில் ரேம் விலை எகிறியதால், 32-க்குத் தாவாமல் 16 ஜிபியோடு நிறுத்துவதே புத்திசாலித்தனம். பொன்னேரியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் லேப்டாப்பையும் கொண்டுபோங்கள். கடையிலேயே போட்டு, 16 ஜிபி காட்டுகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். விளையாட்டுக்கு மட்டுமல்ல, பிளெண்டரும் புரோகிராமிங்கும் கற்கும் மாணவருக்கும் இந்தச் செலவு தகும். இதற்கு மேலும் பிராசசர் போதவில்லை என்றால் லேப்டாப்பையே மாற்றுங்கள். அப்போது ஐ5-ஆ ஐ7-ஆ என்று கேட்பதற்கு முன், ரேம் ஸ்லாட்டில் இருக்கிறதா, சாலிடர் செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.