நிலவறைக் கபுறுகளும் நமது பயணக் கட்டுரைகளும்

ஐரோப்பா சென்று திரும்பும் நம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகளில் ரோம் நகரின் நிலவறைக் கல்லறைகள் அடிக்கடி இடம்பெறுகின்றன. வர்ணனை பெரும்பாலும் ஒரே வார்ப்புத்தான்: இருள், ஈரம், எலும்பு, சக்கரவர்த்திகளுக்கு அஞ்சி ஆதிக் கிறிஸ்தவர்கள் ஒளிந்து வாழ்ந்த சுரங்கம் என்ற கதை. வாசகனுக்குச் சிலிர்ப்புக் கிடைக்கிறது, உண்மை தப்பிவிடுகிறது.

அவை ஒளிவிடங்கள் அல்ல, மையவாடிகள் என்பதை ஆய்வாளர் எப்போதோ தெளிவுபடுத்திவிட்டனர். நகர எல்லைக்குள் அடக்கம் செய்ய ரோமச் சட்டம் இடமளிக்கவில்லை. உடலை எரிக்கும் வழக்கம் பரவலாயிருந்த அந்நகரில், யூதரும் கிறிஸ்தவரும் தம்மவரை மண்ணுக்கே கொடுக்க விரும்பினர். கி.பி. 2ஆம் நூற்றாண்டு முதல், அப்பியன் வீதி போன்ற பெருந்தெருக்களின் ஓரம் மெதுவான எரிமலைக் கல்லைக் குடைந்து, சுவரில் அடுக்கடுக்காகக் கபுறுகளை அமைத்தனர். குழி வெட்டுவோர் தனித் தொழிலாளராகவே இருந்தனர். அவர்களின் உருவம் சுவரோவியத்திலும் உண்டு. சில அடி தோண்டினாலே கல் தட்டும் நெடுந்தீவுப் பிள்ளைக்கு அந்த உழைப்பு உடனே விளங்கும். நம் கட்டுரையாளரோ குழி வெட்டியவனைக் காண்பதேயில்லை.

குழந்தைகளுக்கான சிறு மாடங்கள் அங்கே ஏராளம். சில மூடுகற்களில் வயது ஆண்டு, மாதம், நாள் என எண்ணிப் பொறிக்கப்பட்டுள்ளது.

இந்த நாட்கணக்கு நமக்கு அந்நியமானதன்று. 2020 ஏப்ரில் முதல் 2021 பெப்ரவரி வரை, கொவிட் ஜனாஸாக்களை எரித்தே ஆகவேண்டும் என்பது இந்நாட்டின் விதி. அடக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், நிலத்தடி நீர் காரணமாகக் காட்டப்பட்டது. 2020 டிசெம்பரில், பிறந்து 20 நாட்களேயான குழந்தையொன்றின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. பின்னர், 2021 மார்ச்சில் அடக்கத்துக்கென இரணைதீவைக் குறித்தார்கள். பல்லாண்டு இடம்பெயர்ந்திருந்து 2018இல்தான் ஊர் மீண்ட அத்தீவு மக்கள் எதிர்த்தனர். தீவென்றால் ஆளற்ற நிலம் என்ற கொழும்பின் நினைப்பு தீவுக்காரர் எல்லோருக்கும் பழக்கமானதே. ஈற்றில் ஓட்டமாவடி, மஜ்மா நகரில் இடம் கிடைத்தது. அரசு மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையில்.

ரோமைப் பற்றி எழுதுபவர் இரணைதீவையும் எழுதவேண்டும் என்பதல்ல என் வாதம். அடக்கத்துக்கு ஓரிடம் தேடிய மக்களின் வேலையை அவர் பேய்க்கதையாக்கக் கூடாது. ஜனாஸாவுக்கு மண் கேட்டு நின்ற சமூகத்தின் எழுத்தாளருக்கு, அந்தச் சிறு மாடத்தின் முன் நின்று கல்லிலுள்ள நாட்களை வாசிக்க யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.