பிந்தைய சொல்லே இறுதிச் சொல்லா? சாதி குறித்த காந்தியின் கருத்து மாற்றத்தை வாசிக்கும் முறை

ஆய்வுச் சுருக்கம்

சாதி குறித்துக் காந்தி 1920 முதல் 1946 வரை எழுதியவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன. இம்முரணை எதிர்கொள்வோருள் ஒரு சாரார் முந்தைய கூற்றைக் காட்டி அவரை மறுக்கின்றனர். மற்றொரு சாரார் பிந்தைய கூற்றைக் காட்டிப் போற்றுகின்றனர். இவ்விரு வாசிப்புகளும் ஒரே பிழையின் இரு பக்கங்கள் என்பதும், தீண்டாமை, உணவு–மண உறவு, வருணம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பின்தொடர்ந்தாலன்றி மாற்றத்தின் அளவு புலப்படாது என்பதும் இக்கட்டுரையின் வாதம். உள்நாட்டுப் போருக்கு முன்னும் பின்னும் அடிமைமுறை குறித்து ஆபிரகாம் லிங்கனிடம் நிகழ்ந்த கருத்து வளர்ச்சி ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: காந்தி, சாதி, வருணம், லிங்கன், அடிமைமுறை, அம்பேத்கர், காந்திகிராமம்

முன்னுரை

திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டிப் பகுதியில் அமைந்துள்ள காந்திகிராமத்தை 1947இல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் நிறுவினர். 1940இல் நிகழ்ந்த அவர்களது திருமணம் சாதி கடந்தது. கைம்பெண் மறுமணமும் ஆகும். காந்தியின் வாழ்த்தோடும் முன்னிலையிலும் அது நடைபெற்றது. ஆயின், அதற்கு ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன்னர், சாதிகளுக்கிடையே மண உறவையும் உணவு உறவையும் விலக்குவது ஆன்ம வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்று எழுதியவரும் அவரே. இவ்விரு காந்தியருள் எவரை ஆய்வாளர் மேற்கோள் காட்டுவது? காந்தியப் பாடங்களைக் கற்பிக்கும் இவ்வட்டாரத்து வகுப்பறைகளில் இது வெறும் பதிப்புச் சிக்கல் அன்று. முன்வரிசையில் இருக்கும் மாணவர்க்கும் பின்வரிசையில் இருக்கும் மாணவர்க்கும் அவ்விரு மேற்கோள்கள் தரும் பொருள் வேறு வேறு.

ஒப்பீட்டின் பொருத்தம்

அமெரிக்க அடிமைமுறையையும் இந்தியச் சாதியையும் இணைத்து நோக்குதல் புதிதன்று. 1873இல் ‘குலாம்கிரி’ நூலை வெளியிட்ட ஜோதிராவ் புலே, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு அதனைக் காணிக்கையாக்கினார். தீண்டாமையையும் அடிமைமுறையையும் ஒப்பிட்டு அம்பேத்கர் எழுதியுள்ளார். தமிழகத்திலும் வேளாண் அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பு 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்தால்தான் நீக்கப்பட்டது. அதன் பின்னரும் படியாள், பண்ணையாள் என்னும் பெயர்களில் அவ்வுறவு நீடித்தது. சாதியும் அடிமைமுறையும் ஒன்றே என்பது இங்குக் கோரப்படவில்லை. ஓர் அநீதியை எதிர்த்த தலைவர் எந்த எல்லையில் நின்றார், அவ்வெல்லையை எப்போது கடந்தார் என்னும் வினா இரு இடங்களுக்கும் பொது.

லிங்கன்: மூன்று இழைகள்

லிங்கனின் கருத்துகளில் மூன்று இழைகளைப் பிரித்தறியலாம். முதலாவது, அடிமைமுறை அநீதி என்னும் தீர்ப்பு. 1837இல் இல்லினாய் சட்டமன்றத்தில் பதிவுசெய்த எதிர்ப்புரையிலேயே இது உண்டு. 1854ஆம் ஆண்டின் பியோரியா உரையில் இது விரிவு பெற்றது. இவ்விழையில் தடுமாற்றம் இல்லை. இரண்டாவது, அரசின் அதிகாரம். புதிய ஆட்சிப்பகுதிகளுக்கு அடிமைமுறை பரவுவதைத் தடுக்கலாம். ஏற்கெனவே நிலவும் மாநிலங்களில் தலையிட முடியாது என்பதே அவரது நிலை. 1861 மார்ச் மாதப் பதவியேற்புரையிலும் அதனையே உறுதி கூறினார். போர் மூண்ட பின்னரே, 1863 ஜனவரி 1ஆம் நாளின் விடுதலைப் பிரகடனத்தில், இந்நிலை மாறியது. மூன்றாவது, சமத்துவம். 1858 செப்டம்பரில் சார்ல்ஸ்டன் விவாதத்தில், கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையோ வெள்ளையரோடு மணவுரிமையோ அளிக்கத் தாம் விரும்பவில்லை என்று அவர் கூறினார். படைவீரராய்ப் பணியாற்றிய கறுப்பினத்தார் போன்ற சிலருக்கேனும் வாக்குரிமை வேண்டும் என்று வெளிப்படையாக அவர் பேசியது 1865 ஏப்ரல் 11 அன்றுதான். மூன்று நாள்களில் அவர் சுடப்பட்டார்.

ஆக, ‘லிங்கன் மாறினார்’ என்னும் தொடர் முழுமையானதன்று. ஓர் இழை மாறவில்லை. ஒன்று போரால் மாறியது. ஒன்று மாறத் தொடங்கி நின்றுவிட்டது. 1876இல் லிங்கன் நினைவுச் சின்னத் திறப்பின்போது ஃபிரடெரிக் டக்ளஸ் ஆற்றிய உரை இத்தகைய மதிப்பீட்டுக்கு முன்மாதிரி. அடிமை ஒழிப்பாளரின் தளத்திலிருந்து அளந்தால் லிங்கன் தயக்கமும் மந்தமும் உடையவர். நாட்டின் பொதுக்கருத்தைக் கொண்டு அளந்தால் விரைவும் உறுதியும் உடையவர் என்பது அவரது முடிபு. அடிமையாய்ப் பிறந்து விடுதலை பெற்ற டக்ளஸ் இவ்விரு அளவுகோல்களுள் எதனையும் கைவிடவில்லை என்பது கருதத்தக்கது.

காந்தி: மூன்று இழைகள்

காந்தியிடத்தும் மூன்று இழைகள் உள்ளன. தீண்டாமை பாவம் என்னும் முதல் இழை தொடக்கம் முதல் உறுதியானது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரையாடை ஏற்ற காந்தி, இரண்டு வாரங்களில், அக்டோபர் 6ஆம் நாள் ‘யங் இந்தியா’ இதழில் இந்துசமயம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். சென்னை மாகாணச் சுற்றுப்பயணத்தில் தீண்டாமை குறித்துப் பேசியதே அதற்குத் தூண்டுதல். தீண்டாமையைக் கடுமையாகக் கண்டிக்கும் அதே கட்டுரையில்தான் மண, உணவு விலக்குகளுக்கு ஆன்மிக நியாயமும் கற்பிக்கப்படுகிறது. கண்டனமும் நியாயமும் ஒரே பக்கத்தில் அமைந்திருப்பதால், ‘அன்றைய காந்தி பிற்போக்காளர்’ எனவோ ‘சீர்திருத்தர்’ எனவோ ஒற்றைச் சொல்லில் கூறிவிட இயலாது.

இரண்டாம் இழையான மண, உணவு உறவில் நிகழ்ந்தது தலைகீழ் மாற்றம். 1932 நவம்பரில், இவ்விலக்குகள் இந்துசமயத்தின் கூறு அல்ல என்றார். 1935 நவம்பர் 16ஆம் நாள் ‘ஹரிஜன்’ இதழில், சாதி போக வேண்டும் என்னும் பொருளுடைய தலைப்பிலேயே எழுதினார். 1946 அளவில், மணமக்களுள் ஒருவர் தாழ்த்தப்பட்டவராக இருந்தாலன்றித் தம் சேவாகிராம ஆசிரமத்தில் திருமணம் நடைபெறாது என்னும் நிலைக்கு வந்தார்.

மூன்றாம் இழை வருணம். இங்கு மாற்றம் மெதுவானது. சாதியை விட்ட பின்னரும் வருணத்தை அவர் விடவில்லை. அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ 1936இல் வெளிவந்தபோது, மூதாதையர் தொழிலால் பிழைப்பதே வருணத்தின் கடமை என்றும் அதில் உயர்வு தாழ்வு இல்லை என்றும் மறுமொழி எழுதினார். பிறப்பு வழித் தொழிலை வைத்துக்கொண்டு உயர்வு தாழ்வை மட்டும் நீக்க இயலுமா என்பதே அம்பேத்கரின் எதிர்வாதத்தின் சாரம். 1945இல், வருணம் பற்றிய தம் பழைய கட்டுரைகளின் குஜராத்தித் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், இன்று எஞ்சியிருப்பது ஒரே வருணம்தான், அனைவரும் தம்மைச் சூத்திரராகவே கருத வேண்டும் என்றார். இது வருணக் கோட்பாட்டின் மறுப்பா, அதனைத் தலைகீழாக்கிக் காக்கும் முயற்சியா என்பது விவாதத்துக்குரியது. சொல் கைவிடப்படவில்லை, அதன் உள்ளீடு வெறுமையாக்கப்பட்டது என்று கொள்வதே பொருந்தும்.

‘பிந்தையதை ஏற்க’ என்னும் விதி

தம் எழுத்துகளில் முரண் கண்டால் ஒரே பொருள் பற்றிய இரு கூற்றுகளுள் பிந்தியதை ஏற்குமாறு 1933இல் காந்தி கேட்டுக்கொண்டார். அவரைப் பின்பற்ற விரும்புவோர்க்கு இது தக்க விதி. ஆய்வாளர்க்கு இது போதாது. மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவதாக, இவ்விதி மாற்றியவர்களை மறைக்கிறது. 1924–25இல் வைக்கம் போராட்டம், 1927இல் பெங்களூரில் காந்தியைச் சந்தித்துப் பெரியார் நிகழ்த்திய விவாதம், 1932இல் அம்பேத்கரோடு ஏற்பட்ட மோதலும் பூனா ஒப்பந்தமும் ஆகியவற்றை நீக்கிவிட்டால், மாற்றம் ஒருவரின் அகத்தில் தானாக மலர்ந்ததாகத் தோன்றும். மண, உணவு விலக்குகள் குறித்த தெளிவான மறுப்பு பூனா ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதங்களுக்குள் வெளிவந்தது என்னும் கால வரிசையைத் தற்செயல் என ஒதுக்குவது கடினம்.

இரண்டாவதாக, காலத்தாழ்வின் விலையை மறைக்கிறது. 1921ஆம் ஆண்டுக் கூற்றை வாசித்தோர் 1946ஐ அறியார். அன்று அக்கூற்றைத் தம் பக்கச் சான்றாகக் கொண்ட பழமைவாதியின் வாழ்விலும், அதனால் தடையுற்றோர் வாழ்விலும் அது விளைவுடையதாகவே இருந்தது. பிந்தைய திருத்தம் அவ்விளைவைப் பின்னோக்கி அழிப்பதில்லை.

மூன்றாவதாக, மூன்று இழைகளையும் ஒன்றாக்குகிறது. இரண்டாம் இழையின் முழு மாற்றத்தைக் காட்டி மூன்றாம் இழையின் அரை மாற்றத்தை மறைக்கப் போற்றுவோர்க்கு இது உதவுகிறது. மூன்றாம் இழையைக் காட்டி இரண்டாவதை மறுப்போர் இவ்விதியைத் தலைகீழாகக் கையாள்கின்றனர்.

உத்தி என்னும் விளக்கம்

காந்தி தொடக்கம் முதலே சாதி எதிர்ப்பாளர். பழமைவாதிகளை உடன் அழைத்துச் செல்லவே படிப்படியாகப் பேசினார் என்னும் விளக்கம் உண்டு. லிங்கன் குறித்தும் இவ்வாறு கூறுவர். இவ்விளக்கத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயின் 1921ஆம் ஆண்டுக் கட்டுரை விலக்குகளைப் பொறுத்துக்கொள்ளுமாறு மட்டும் கூறவில்லை; அவற்றின் ஆன்மிகப் பயனை எடுத்துரைக்கிறது. உத்திக்கு மௌனம் போதும், புகழ்ச்சி தேவையில்லை. எனவே அக்காலத்தில் அவர் அதனை நம்பினார் என்று கொள்வதே நேர்மையான வாசிப்பு. அவ்வாறு கொண்டால்தான் பின்னர் அவர் அதனைக் கைவிட்டமைக்கும் மதிப்பு உண்டாகிறது.

முடிவுரை

1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாதய்யர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு நிகழ்ந்தது. அனைவர்க்கும் திறக்கப்படாத கோயிலுள் நுழைவதில்லை என்று இருந்த காந்தி, 1946 பிப்ரவரியில் மதுரைக் கோயிலுக்கும் பழனி மலைக்கோயிலுக்கும் சென்று வழிபட்டார். பழனிப் பயணத்தை அவரது கருத்துப் பயணத்தின் நிறைவாகக் காட்டுவது எளிது. கோயில் வாயிலைத் திறந்தவர்கள் அவருக்கு முன்னரே அங்கு நின்றனர் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதே அச்சித்திரம் முழுமை பெறும்.

டக்ளஸ் கையாண்ட இரு அளவுகோல்களும் இங்குத் தேவை. அம்பேத்கரின் தளத்திலிருந்து அளந்தால் காந்தி காலம் தாழ்த்தியவர், வருணத்தில் இறுதிவரை தயங்கியவர். அவர் காலச் சாதி இந்துச் சமூகத்தைக் கொண்டு அளந்தால், அது செல்ல விரும்பாத தொலைவைச் சென்றவர். மேற்கோளுடன் ஆண்டையும், அவ்வாண்டில் அவரோடு வாதிட்டவரின் பெயரையும் சேர்த்து எழுதுவது ஆய்வு நெறியின் குறைந்த அளவுத் தேவை. காந்திகிராமம் உருவாகக் காரணமான இணையரின் மணமும் அப்போதுதான் ஒருவரது பெருந்தன்மைக்குச் சான்றாக மட்டும் சுருங்காமல், பலர் வாதிட்டுப் பெற்ற மாற்றத்தின் விளைவாகப் புலப்படும்.